நான் சொன்ன நேரம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்தச் சொல்லி, கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போனாய். இன்று வெள்ளிக்கிழமை. இதுவரை என் போனை நீ எடுக்கவில்லை. நான் அனுப்பும் செய்திகளைப் பார்க்கிறாய் என்று அந்த நீலக் கோடுகள் காட்டிக்கொடுக்கின்றன, பதில்தான் வரவில்லை. கோபப்பட உனக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிக்கக்கூடியதும் இல்லை. காலையிலிருந்து இதை எழுத உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், அடுப்பில் ஒன்றுமில்லாதபோதும் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். காலேஜில் மிச்சமாகிக் கொண்டுவந்த பழைய விடைத்தாள்களில்தான் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் அந்தத் தாள்களில் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தியவள், இப்போது நானே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனை மதிப்பெண் என்பதை நீ போட்டுக்கொள்.

அன்று நடந்ததை முதலில் என் வாயால் ஒப்புக்கொள்கிறேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில் சரண்யாவின் வீட்டுக்கு நீ, நான், பெரியப்பா மூன்று பேரும் கல்யாணம் பேசி முடிக்கப் போனோம். வேறு சாதி என்று ஆறு மாதம் முறுக்கிக்கொண்டிருந்த உன் பெரியப்பா, ஜாதகமாவது பார்த்தாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு இறங்கிவந்திருந்தார். உன் ஜாதகத்தை அவர்தான் முன்கூட்டியே அனுப்பிவைத்தார். பொருத்தம் எல்லாம் சரி, ஆனால் பையனுக்கு முப்பது முடியும்வரை தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது என்று சரண்யாவின் அம்மா கேள்வி எழுப்பினார். கடலுக்குப் போகிற குடும்பம். அந்த அம்மாவின் தம்பி கடலில் போனவர், திரும்பவில்லை. நீ சிரித்துக்கொண்டே, எங்கம்மா லாஜிக் வாத்தியார், அவங்களே சொல்லட்டும் என்று என் பக்கம் திரும்பினாய். அந்த அம்மாவும் என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க. முப்பது முடியட்டும், ஒரு வருசம் தள்ளி வெச்சிக்கலாமா? நீங்க சொல்லுங்க டீச்சரம்மா" என்று கேட்டார். நான் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதுவும் நல்லதுதான் என்றேன். ஒரு வருஷம் தள்ளினால் சரண்யாவின் அத்தை தன் மகனுக்குக் கேட்டு வந்து நிற்பாள் என்று நீ என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பாய். தெரிந்தேதான் சொன்னேன். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டுத்தானே கதவை அறைந்தாய். அதற்குப் பதில் நீ பிறந்த நாளிலிருந்து தொடங்குகிறது. நான் பிரசவத்துக்கு வளவனூரில் என் தாய்வீட்டில் இருந்தேன். மார்கழி மாதம், எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. விடிவதற்கு முன்னால் வலி எடுத்து, தெருக்கோடியில் இருந்த ஒருவரின் வேனில் என்னை ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன, ரயிலோ வருகிற வழியாகக் காணோம். அந்த வேனுக்குள்தான் நீ பிறந்தாய். டிரைவர் இறங்கிப் போய் டிராக்டர்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா கையில் நீ இருந்தாய். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. கடிகாரம் கட்டியிருந்தவரும் யாருமில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் குறித்துக்கொண்டார்கள். கேட்டில் எவ்வளவு நேரம் நின்றோம் என்றால் கால் மணி என்பார் ஒருவர், முக்கால் மணி என்பார் இன்னொருவர்.

மூன்றாம் நாள் உன் பெரியப்பா ஒரு சிறிய நோட்டோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளை பிறந்த நேரம் சொல்லும்மா என்றார். அவர் கேட்ட விதத்தில் அவ்வளவு பயபக்தி இருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, அதோடு அந்த வயசில் எல்லாம் தெரிந்தவள் என்கிற திமிரும் இருந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் விடமாட்டார், வேன் டிரைவரைத் தேடுவார், ஸ்டேஷனுக்குப் போய் ரயில் வந்த நேரத்தை விசாரிப்பார். சீக்கிரம் போகட்டும் என்று ஆறு பத்து என்றேன். நான் தினமும் காலேஜுக்குப் போக விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறுகிற நேரம் அது, வாயில் அதுதான் வந்தது. அவர் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார். இவ்வளவுதான் உன் ஜாதகம். உன் அப்பா சாகும்வரை அவரிடமும் இதை நான் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து ஜாதகம் எழுதி வந்தது. முப்பது வயசு முடியும்வரை ஜலத்தில் கண்டம் என்று மஞ்சள் தடவிய அந்தத் தாளில் இருந்தது. படித்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தேன். பஸ் நேரத்துக்குக் கண்டமாம். அன்று சாயங்காலம் உன்னைக் குளிப்பாட்ட அண்டாவில் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தேன். பாதி அண்டாவோடு நிறுத்திவிட்டேன், கை மேற்கொண்டு ஊற்ற மறுத்துவிட்டது. நான் ஏன் நிறுத்தினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உன்னைச் சொம்பால் மொண்டு ஊற்றித்தான் குளிப்பாட்டினேன், ஐந்து வயசு வரைக்கும்.

ஒன்றை நமக்குத் தெரியும் என்று சொல்ல மூன்று வேண்டும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுவேன். அது உண்மையாக இருக்க வேண்டும், நாம் அதை நம்ப வேண்டும், நம்புவதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். உன் கண்டத்துக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. பொய் என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்படியும் பயந்தேன். ஒருமுறை கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "பேய் இல்லேன்னு தெரியுது மேடம், ஆனா பயமா இருக்குதே, அது எந்த வகையில வரும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பயம் என்பது அறிவில் சேராது, அதனால் பாடத்தில் வராது என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். அவள் என்னைத்தான் கேட்டாள் என்று தோன்றியது. அந்த வருஷம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமலேயே பாடம் நடத்தினேன்.

சந்தேகப்படு, எதையும் கேள்வி கேள் என்று உன்னிடமும்தான் சொல்லி வளர்த்தேன். நீ கேட்டபோதெல்லாம் பொய் சொன்னேன். உனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது வளவனூரில் மாமா வயலில் பம்ப்செட் தொட்டியில் பிள்ளைகளோடு இறங்கியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? இடுப்பளவு தண்ணீர். நான் வரப்பில் ஓடிவந்து உன் முடியைப் பிடித்துத் தூக்கி, எல்லார் முன்னாலும் முதுகில் நாலு போட்டேன். அதற்கு முன்னால் உன்னை அடித்ததில்லை. ஏம்மா என்று கேட்டாய். சளி பிடிக்கும் என்றேன். தொட்டிக்குள் நீ வாயில் தண்ணீரை வைத்து வானத்தைப் பார்த்துக் கொப்பளித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். ஓடிவரும்போதே அதைப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் உன் முகத்தில் நான் பார்த்ததில்லை. இந்த இருபது வருஷத்தில் என் மனசை அரித்துத் தின்றது அந்தக் காட்சிதான்.

எட்டாவது படிக்கும்போது உன் பி.டி. மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். பையனுக்கு நல்ல நெஞ்சு, நல்ல தோள், நீச்சலுக்கு அனுப்புங்கள், மாவட்ட அளவில் வருவான் என்றார். உனக்குக் காது ஜவ்வில் ஓட்டை, தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் வருத்தப்பட்டுக்கொண்டு போனார். அதைக் காப்பாற்ற ஐப்பசி கார்த்திகை முழுக்க உன் காதில் பஞ்சு வைத்து அனுப்பினேன். நீயும் பஞ்சு மாஸ்டர் என்று பட்டப்பெயர் வாங்கிக்கொண்டு வந்தாய். இப்போது சரண்யாவிடமும் அந்தக் காதுக் கதையைத்தான் சொல்லிவைத்திருக்கிறாய் போலிருக்கிறது. கேட்டுக்கொள்: உன் காதில் ஓட்டை கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. என்னைவிட உனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உன் பெரியப்பா உனக்காக மாதாமாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இருபத்தொன்பது வருஷமாகப் போகிறார். முட்டி தேய்ந்துவிட்டது, அந்தக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை, அப்படியும் போகிறார். திரும்பும்போது உனக்குத் திருநீறும் எனக்கு அவித்த மல்லாட்டையும் கொண்டுவருவார். அந்தக் கடலையை உரித்துத் தின்னும்போதெல்லாம் இந்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அப்புறம் உனக்கு வயசு ஏற ஏற, இருபத்தைந்து ஆயிற்று, இருபத்தேழு ஆயிற்று, முப்பது முடிந்துவிட்டால் சொல்லவே தேவையிருக்காது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். நான் இட்டுக்கட்டிய நேரத்திலிருந்து யாரோ கணித்த முப்பதுக்கு நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இன்னும் பதினொரு மாதம்தானே. நேரம் பொய் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் நீ அந்தக் கடற்கரையில் கால் நனைக்கப் போய் ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் நான் படித்த படிப்பு அத்தனையும் ஓடிப்போய்விட்டது. உன் பெரியப்பாவுக்கு முன்னால் அவமானப்படப் பயந்ததும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவது.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "இருவத்தொம்போது வருசமா என்ன முட்டாளாக்கி வெச்சிக்கினு இருந்தியே" என்றார். மன்னிச்சிடுங்க மாமா என்றேன். எழுந்து உள்ளே போனவர் வாசல்படியில் நின்று, "இந்த அம்மாவாசைக்கும் போவேன். இந்தவாட்டி உன் புத்திக்காகப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து அவரும் பேசவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே இரத்தம்தான், கதவைச் சாத்துவதில்கூட.

நேற்று நான் தனியாகக் கிளம்பினேன். அதே ஆறு பத்து பஸ்தான், இப்போது நிறம் மாறியிருக்கிறது. திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, உன் ஆபீஸ் வரை நடந்து போய் எதிர்க் கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். கூப்பிடலாமா என்று யோசித்து, வேலையை முடிக்காமல் உன்னைப் பார்க்க எனக்கு முகமில்லை என்று திரும்பிவிட்டேன். சரண்யாவின் அம்மா வீட்டுக்குப் பின்னால் வலையை விரித்து மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்று நானும் அவருக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வேன், ரயில்வே கேட், பஸ் நேரம், காது, பஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காக்கையை விரட்டிக்கொண்டே கேட்டார்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் மாற்றவில்லை. "ஜாதகத்துல கண்டம்னு போட்டிருந்தத நான் பெருசா எடுத்துக்கலங்க. கடலுக்குப் போற வூட்ல யாருக்குக் கண்டம் இல்ல? எந்த நேரத்துல பொறந்தா என்ன. ஆனா தம்பிக்கு நீந்தத் தெரியாது, தண்ணியில காலே வெக்காதுன்னு எம் பொண்ணு சொன்னா. படிச்ச டீச்சரே பயந்துகினு புள்ளைய இப்படி வெச்சிருக்காங்கன்னா, அது நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தள்ளி வெக்கலாம்னு நீங்களே சொன்னீங்களா, அப்புறம் எனக்கு சோறு எறங்கல."

கண்ணு, நான் முப்பத்தொரு வருஷம் சொல்லிக்கொடுத்த தவறு இது. ஒன்றை நிரூபிக்க அதையே சாட்சியாகக் கொண்டுவருவது. ஜாதகத்தைப் பார்த்து நான் பயந்தேன், என் பயத்தைப் பார்த்து அந்த அம்மா ஜாதகத்தை நம்பினார், அவர் நம்புவதைப் பார்த்து நான் இன்னும் பயந்தேன். இதில் நடுவே உண்மை என்று எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: உனக்கு நீந்தத் தெரியாது. இருபத்தொன்பது வயசு ஆள், கடற்கரையில் சம்பந்தம் வைக்கப் போகிறவன், மார்பளவு தண்ணீரில் நிற்கத் தெரியாது. ஜோசியர் எழுதியதில் எந்தக் கண்டமும் இல்லை, நான்தான் கண்ணும் கருத்துமாக உனக்கு ஒன்றை வளர்த்து வைத்திருக்கிறேன். அந்த மீன் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அழுதா மட்டும் நீச்சல் வந்துடுமா என்றார்.

கல்யாணத்தைத் தள்ள வேண்டாம், வைகாசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நீந்தத் தெரியாத மாப்பிள்ளை வேண்டாமாம். ஊருக்குப் பின்னால் உப்பங்கழி இருக்கிறது, அங்கே அலை கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை சரண்யாவின் அப்பா உன்னை அதில் இறக்கி ஆரம்பித்துவைப்பார். நாலைந்து வாரத்தில் வந்துவிடும் என்கிறார்கள். என்னிடம் இன்னொன்றும் கேட்டார்: பிள்ளை பழகுகிற நாளெல்லாம் நான் கரையில் வந்து உட்கார வேண்டும். நான் எதற்கு என்றேன். "நீங்க பாத்துக்கினு இருந்தாத்தான் உங்களுக்குப் போகும்" என்றார். இதை நானே உனக்கு எழுதுகிறேன், அதுவரைக்கும் சொல்லாதே என்று சரண்யாவிடம் கேட்டுக்கொண்டேன், அதனால் அவள்மேல் கோபப்படாதே.

எனக்குப் போகுமா என்று தெரியவில்லை. பயம் முழுக்க ஓய்ந்த பிறகு ஒருநாள் நிம்மதியாகச் சந்தோஷப்படலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன், உன் பிறந்தநாளில் பாயசம் கிண்டும்போதுகூட இன்னும் இத்தனை வருஷம் என்றுதான் ஓடும். உன் கூடவே இருந்தும் உன்னைப் பார்க்காமல் போய்விட்டேன். நேரம் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால் மனசு லேசாகிவிட்டது என்று நினைக்காதே. இப்போதும் ஒரு குரல், உண்மையான நேரத்துக்கும் கண்டம் இருக்கலாமே என்கிறது. பதில் இல்லாமலே வருகிறேன்.

என்னை மன்னித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. பேசாமலேயே வா. அரை டவுசரும் துண்டும் பையில் வைத்துக்கொள், காதில் பஞ்சு வேண்டாம். நான் முதல் பஸ்ஸில் வந்து கரையில் உட்கார்ந்திருப்பேன். நீ இறங்கும்போது என் உயிர் என் கையில் இருக்காது, அது எனக்குத் தெரியும். வெளியே வாடா என்று கத்தாமல் இருக்க என்னால் ஆனவரை பார்க்கிறேன். ஒருவேளை கத்திவிட்டால், நீ திரும்பி வராதே.

அம்மா